ஓலைக்குத் தடை

எங்கள் மலையில் ஒருவனைப் பற்றி "பொழைக்கத் தெரிஞ்சவன்" என்று சொன்னால், சொல்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கவனித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து காப்பிக் காட்டில் முதுகொடிய வேலை செய்கிறவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் வெறுமனே பிழைக்கிறான். தெரிந்து பிழைக்கிறவன் வேறு ரகம். அவன் செய்ததையே நமக்கு ஆகாதவன் செய்தால் துரோகி என்போம். நம் வீட்டு மாப்பிள்ளை செய்துவிட்டால் மெச்சிக்கொள்வோம்.

எனக்குப் பார்த்த கிறிஸ்துதாஸ் அந்த ரகம்தான். எண்பத்து நாலில் கொட்டச்சேட்டில் ஓர் எஸ்டேட்டில் புதிதாகக் கணக்கெழுதும் ரைட்டர் ஆகியிருந்தான். தலைச்சோலையில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்து போனதுமே அப்பா, "பொழைக்கத் தெரிஞ்ச பையன் கண்ணு. நீ நொம்பக் குடுத்து வெச்சவ" என்றார். நானும் தலையாட்டினேன். கோயிலில் எங்கள் ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தும் விட்டார்கள். இன்பமேரிக்கும் கிறிஸ்துதாசுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம். மூன்றாவது ஓலைக்கு முன்பு ஒருநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

வேலை கிடைத்த கதையை அவனாகவேதான் எடுத்தான். அதே எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரமேறிய கூலிக்காரர் சிங்கராயர் ஏணி முறிந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து கிடந்தார்.

"உளுத்துப்போன ஏணிங்க மாமா. வேற ஏணி குடுங்கன்னு அவரு கேட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். ஆனா மேனேஜர் விசாரிக்கறப்ப, குடிச்சுப்போட்டு ஏறுனாருன்னு சொல்லிப்போட்டேன். எஸ்டேட்டுக்கு நஷ்டஈடு மிச்சம். அடுத்த வாரமே ரைட்டர் வேலை!"

"அவர் குடிப்பாருங்களா?" என்று கேட்டேன்.

"வாயில வெச்சதில்லை. ஞானஸ்நானத்துல என்னைக் கையில ஏந்துன ஞானத்தகப்பனே அவருதான், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பக்கம் திரும்பினான். "இனி அவரால வேலைக்கு வர முடியாது, எஸ்டேட்டு குடுத்த லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. கல்யாணமானவங்களுக்குத்தான் ஊடு குடுப்பாங்க. அந்தம்மா தரையெல்லாம் மெழுகிச் சுத்தமா வெச்சிருக்குது. நீ வந்து சட்டி பானை வெச்சாப் போதும்."

எழுந்திருக்க முடியாத மனிதரைக் கட்டிலோடு வெளியே தூக்கி வைப்பார்கள். அவர் மனைவி மெழுகிய தரையில் நான் பாய் விரித்து இவனோடு படுக்க வேண்டும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். "சாமிங்க, எங்க ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கேனுங்க."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தடை? நெருங்கின உறவா? அவனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெரிய பாவம்தான் அம்மா. ஆனா கல்யாணத்துக்கு அது தடை ஆகாதே."

"எனக்குச் சம்மதமில்லைங்க. அது ஆகுமுங்களா?"

"அது ஆகும்" என்றார். பிறகு, "திங்கக்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போறேன். அவன் சொன்னதை நீ வந்து சொல்லணும்" என்றார். வருகிறேன் என்றேன்.

ஞாயிறன்று ஓலை வாசிக்கவில்லை. அன்று சாயங்காலமே கிறிஸ்துதாஸ் வந்துவிட்டான். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவனோ கோபப்படவே இல்லை. கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா?

"ஏனுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு. சீக்கிரம் கல்யாணம் ஆகலைன்னா அந்த ஊடு வேற ஆளுக்குப் போயிருமுங்க. உங்க சின்னப் பொண்ணு இருக்குதில்லீங்களா?"

அப்பா அவன் கன்னத்தில் ஒன்று வைப்பார் என்று நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "ஜெயகுமாரி, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா கண்ணு" என்றார்.

விவரம் தெரியாமல் என் தங்கை டம்ளரோடு வந்தாள். நான் அதைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைத் தாழிட்டேன்.