சீசன் இல்லாத மாதம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசத்துக்கு உலகத்தில் இரண்டே காலம்தான்: சீசன், சீசன் இல்லாத காலம். சாரல் விழும் ஆனி, ஆடியில் சோறும் ருசிக்கும், பேச்சும் ருசிக்கும். மற்றதையெல்லாம் அவர் மாதமாகவே மதித்ததில்லை. அதனால் பெண்டாட்டி உலகம்மைக்குக் கடல் குகையைக் காட்டுவதென்றாலும் சீசனில்தான் காட்ட வேண்டும் என்று அடித்துச் சொன்னார்.

அந்த ஆசையை மூட்டிவிட்டவர் கடற்கரை அண்ணாச்சி. மணப்பாடு பக்கத்துப் படகுக்காரர். ஆடிதோறும் வந்து பலவேசத்திடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார். பாறைக்குள் படகு போகும், உள்ளே தண்ணீர் பச்சைக் கண்ணாடியாக மின்னும் என்று அவர் சொன்னதைப் பலவேசம் வீட்டில் போய் ஒப்பித்துவிட்டார். கடலையே பார்த்திராத உலகம்மை ஐந்து வருஷமாக விடாமல் கேட்டாள். இவரும் விடாமல் "அடுத்த சீசன்" என்றார். இந்த வருஷம் அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

கூட்டம் நெரியும் ஆடியில், அண்ணாச்சி குற்றாலத்துக்குக் கிளம்புமுன் அவர் ஊருக்குப் போய்விடலாம் என்று எண்ணெய்க் குப்பியை மூடிவைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்து அவளோடு ரயிலேறினார்.

கடற்கரையில் காற்று சேலையைப் பிடுங்கியது. படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. வீட்டிலிருந்து அண்ணாச்சியின் மனைவி குருவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆடிக் காத்துல எவன் படகு எறக்குவான்? அவுக குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்காவ. அங்கன பலவேசம்னு ஒருத்தரு நல்லா எண்ண தேப்பாராம்."

"அந்தப் பலவேசம் நாந்தான் தாயீ."

உலகம்மை சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பலவேசத்துக்கு மானம் போன மாதிரி இருந்தது.

ஊர் திரும்பினால் அண்ணாச்சி துண்டோடு காத்திருந்தார். "எங்கவே போனீரு? ரெண்டு நாளா ஒடம்பு காயுது."

"உம்ம வீட்டுக்குத்தான்."

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "பங்குனியில வாரும். காத்து கெடையாது. அஷ்டமியில தண்ணி ஏத்த எறக்கமும் கம்மி. விடிஞ்சதும் எறங்குனா குகை வாசல்ல அலையே இருக்காது."

"அஷ்டமியிலயா பயணம்?" பலவேசம் பதறினார்.

"நல்ல நாளு பாத்துப் போயித்தான் மணலப் பாத்துட்டு வந்தோம். அஷ்டமியே ஆகட்டும்" என்றாள் உலகம்மை.

பங்குனியில் அருவி நூலாய் இளைத்துக் கிடந்தது. தேடிவர ஒரு தலைகூட இல்லை. அஷ்டமியன்று விடிந்ததும் அண்ணாச்சி துடுப்பை மெல்லப் போட்டார். கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. குகைக்குள் வெயில் சாய்ந்து விழுந்ததும் அடிமணல்வரை பச்சை ஏறியது. உலகம்மை கையை நீரில் விட்டு, நாக்கில் வைத்து, "உப்பு!" என்று கூவினாள். பாறை முழுக்க அந்தக் குரல் ஓடியது. பலவேசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சீசன்ல வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்றார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

"சீசன்ல நீங்க எனக்கு என்னைக்குக் கெடச்சீங்க?"

அவள் பிடித்த கையைப் பலவேசம் கரை சேரும்வரை விடவில்லை.