பாதி முகத்தோடு எவரையும் அனுப்பாத கடை

கீழ்வானில் எழுந்த கதிரவன் நகரின் ஓட்டுக்கூரைகளையும் மொட்டைமாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு எழுப்பிவிட்டு, மெல்லத் தெருக்களுக்குள் இறங்கி வந்துகொண்டிருந்த முற்பகல் வேளை அது. மேட்டிலிருந்து சரிந்துவரும் மேல்தெருவும், பள்ளத்திலிருந்து ஏறிவரும் கீழ்த்தெருவும் ஒன்றையொன்று முகம் பார்க்கும் முனையில், மிதிவண்டி மணிகள் ஒலிக்க, கடைக்கதவுகள் கிறீச்சிட்டுத் திறக்க, மழை பொய்த்து நான்கு திங்கள் ஆகிவிட்டமையால் நாவறண்ட குடங்கள் குழாயடியில் அணிவகுத்து, தம்மை வைத்துவிட்டுப் போன பெண்டிரைக் காட்டிலும் பொறுமையாகக் காத்திருந்தன. அம்முனையில், ஒரு நாற்காலியும் ஒரு நெடுங்கண்ணாடியும் எழுவர் அமரத்தக்க விசுப்பலகையும் கொண்ட முடிதிருத்தும் கடை ஒன்று இருந்தது. நூல்நயம் அறிந்த பெரியீர், அக்கடைக்குள் அன்று நடந்ததைச் சொல்லவே இந்த ஏட்டை விரித்தேன்.

கடைக்குரியவர் பிறவியிலேயே அச்சம் மிகுந்தவர். இதை மறைத்து அவரை வீரராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மூலையில் எலி ஓடினால் நாற்காலிமேல் ஏறி நிற்பார். தம் துணைவியார் சற்று உரக்கத் தும்மினாலும் கையிலிருப்பதைக் கீழே போடுவார். அவருடைய விரல்கள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் பிறர் முகத்தில் மழிகத்தியை வைத்த நொடியில் அந்நடுக்கம் எங்கோ போய்விடும். நாள்தோறும் கடை திறந்ததும் கத்தியை நெற்றியில் ஒற்றி, "இன்று இது குருதி காணாதிருக்கட்டும்" என்று இறைவனை வேண்டிக்கொண்ட பின்னரே தீட்டத் தொடங்குவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வேண்டுதல் ஒருநாளும் பொய்த்ததில்லை. இன்னொரு நெறியும் அவருக்கு உண்டு. நாற்காலியில் அமர்ந்தவரைப் பாதி முகத்தோடு அனுப்பமாட்டார். ஒருமுறை பக்கத்துக் கடை தீப்பற்றியபோது, அமர்ந்திருந்தவரை நாற்காலியோடு தெருவுக்கு இழுத்துவந்து, அங்கே வைத்து மற்றக் கன்னத்தை மழித்து முடித்த பிறகே "ஐயோ, தீ!" என்று அலறினார் என்பர்.

இரு தெருவாரும் இருவேறு முறையில் இறைவனை வழிபடுவோர். ஒரு திங்களுக்கு முன், யாருடைய வழிபாட்டு ஒலி யாருடைய உறக்கத்தைக் கெடுத்தது என்று தொடங்கிய சொற்போர் வளர்ந்துகொண்டே போக, கீழ்த்தெருவார் மன்னிப்புக் கேட்கும் வரையில் அவர்களுக்குக் குடிநீர் விடலாகாது என்று முந்தைய நாள் இரவு மேல்தெருவார் கூடி முடிவெடுத்தனர். காலையில் கீழ்த்தெருவுக்கு, மாலையில் மேல்தெருவுக்கு என்று முறைவைத்து நீர் விடுபவர் ஒருவரே. மண்ணுக்கடியில் உள்ள குழாயின் பூட்டைத் திறக்கும் முழநீள இரும்புத் திருகுகோல் அவர் ஒருவர் கையில்தான் இருந்தது. அந்த நீர்திறப்பாளர் மேல்தெருவிலேயே பிறந்து, மேல்தெருவின் வழிபாட்டிடத்திலேயே முன்வரிசையில் அமர்ந்து வணங்குபவர். ஆயினும் அன்று காலை, முறை வந்ததும், வழக்கம்போல் கீழ்த்தெருவுக்கு நீரைத் திறந்துவிட்டார்.

செய்தி மேல்தெருவை எட்டியதும் ஆறேழு பேர் திரண்டனர். அவர்களுக்குத் தலைவர் இரும்பு வணிகர். குரல் வளத்தால் ஊரார் அவருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தனர். அவர்கள் துரத்த, நீர்திறப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்து கடைக்குள் நுழைந்து, வெறுமையாய் இருந்த நாற்காலியில் தொப்பென்று அமர்ந்து, திருகுகோலை மடியில் வைத்துக்கொண்டார். ஓங்கினால் ஒருவர் மண்டையைப் பிளக்கவல்ல இரும்பு அது. அதை ஓங்கும் எண்ணம் அவருக்கு எழவேயில்லை.

முடிதிருத்துநர் வெளியே எட்டிப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர்கள். பூசலுக்குப் பின் கீழ்த்தெருவார் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டமையால், எஞ்சியிருந்த பிழைப்பே இவர்கள்தாம். ஓடிவிடலாமா என்று ஒரு கால் பின்வாசலை நோக்கிப் பெயர்ந்ததும் உண்மை. ஆனால் நாற்காலியில் ஒருவர் அமர்ந்துவிட்டார். கால் நின்றது. கை தானாகவே வெள்ளைத்துணியை உதறி அவர் கழுத்தில் கட்டியது, திருகுகோலும் மறைந்தது. கூட்டம் வாயிலை அடைவதற்குள் இரு கன்னங்களிலும் நுரை பொங்கிவிட்டது.

"யோவ், வெளிய வா!" என்று முழங்கினார் இடி. "சாவியக் குடுத்துட்டு ஊரவிட்டுப் போயிடு. இல்லேன்னா அந்த வால்வத் தெறந்த கை முறியும்!"

"அண்ணே," என்றார் முடிதிருத்துநர். குரல் ஒரு கொசுவினுடையதைப்போல் வெளிவந்தது. "பாதி மூஞ்சியோட யாரையும் நான் அனுப்புனதில்லண்ணே. உங்களுக்கே தெரியும். முடிச்சிடுறேன், உக்காருங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"இதோ, இப்ப ஆயிடும்."

'இதோ, இப்ப' என்பது அக்கடையில் எவ்வளவு நீண்ட பொழுது என்பதை ஊரே அறியும். இருந்தும், ஆண்டுக்கணக்கில் 'உக்காருங்க' என்ற சொல்லைக் கேட்டதும் அமர்ந்து பழகிய உடல்கள், சினத்தைக் கலந்தாலோசிக்காமலேயே விசுப்பலகையில் போய் அமர்ந்தன. ஒருவர் நாளிதழைக் கையிலெடுத்தார். மற்றொருவர் அதன் நடுத்தாளைக் கேட்டு வாங்கினார். இடி மட்டும் வாயிலை அடைத்து நின்றார்.

முடிதிருத்துநர் தம் வாழ்நாளிலேயே மிக மெதுவாக மழித்தார். ஒருமுறை மழித்து முடித்ததும், "கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு" என்று மீண்டும் நுரை பூசினார்; அதுவும் முடிந்ததும் மூன்றாம் முறையும் பூசினார். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைக் கழுவினார், தூரிகையைக் கழுவினார், பதற்றத்தில் தம் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டார். பொழுது போனால் சினமும் போகும் என்பது அவர் கணக்கு. வாளியில் இருந்ததே அரைவாளி நீர்தான் என்பது மட்டும் அக்கணக்கில் விட்டுப்போயிற்று.

"ஏன்யா தெறந்த?" என்று வாயிலிலிருந்து கேட்டார் இடி. "நீயும் நானும் கும்பிடுறது ஒரே சாமிதானே?"

"அதனாலதாண்ணே தெறந்தேன்," என்றது நுரைக்குள்ளிருந்து ஒரு குரல். "தண்ணியக் குடுக்கும்போது யாருக்குன்னு அது கேட்டதில்ல. நான் கேட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது முன்னாடி போய் உக்காருவேன்? நாளைக்கும் தெறப்பேன்."

"நாளைக்குமா!" என்று இடி இடித்தார்.

கண்ணாடி அதிர்ந்தது. முடிதிருத்துநர் துள்ளினார். கத்தி கன்னத்தைக் கீறாமல், இருபத்திரண்டு ஆண்டு வேண்டுதலைக் காப்பாற்றியபடியே மேல்நோக்கி வழுக்கிச் சென்று, நீர்திறப்பாளர் இளமைமுதல் எண்ணெயிட்டு வளர்த்த அடர்ந்த மீசையின் இடப்பாதியை வழித்தெடுத்துக் கீழே போட்டது.

முடிதிருத்துநர் தரையில் கிடந்த மீசையை எடுத்து மீண்டும் ஒட்டிவிடலாமா என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நீர்திறப்பாளர் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்; இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு பக்கத்தையும் எடுத்துடுங்க," என்றார். "ஒரு பக்கத்துக்கு உண்டு, ஒரு பக்கத்துக்கு இல்லைன்னா எனக்குப் பிடிக்காதுன்னுதான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முதலில் சிரித்தவர் இடியின் மைத்துனர். அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வெளிவந்துவிட்டது. பிறகு விசுப்பலகை முழுவதும் குலுங்கியது. சிரிப்பு ஓய்வதற்குள் மறுபாதியும் விழ, நீர்திறப்பாளர் எழுந்தார். முடிதிருத்துநர் துணியை உதறி, எண்ணிப் பாராமல், கிழமைதோறும் இதே நாளில் இதே வேளையில் சொல்வதுபோல், "வாங்கண்ணே" என்றார். வாரந்தோறும் அச்சொல்லுக்கு அமர்ந்த இரும்பு வணிகர் அன்றும் அமர்ந்துவிட்டார். அமர்ந்த பிறகே சினம் நினைவுக்கு வந்தது.

"வாசலப் பாத்துக்கங்க," என்று ஆட்களிடம் சொன்னார். "நான் எழுந்ததும் இவன் கணக்கத் தீத்துக்கலாம்."

பெரியீர், இதை மட்டும் சற்று நின்று நோக்குக. பிறன் கையை முறிக்க வந்தவர், தலையைப் பின்னே சாய்த்து, கண்களை மூடி, தம் கழுத்தைத் தீட்டிய கத்திக்குக் கீழே நீட்டிக் கிடக்கிறார். அக்கத்தியைப் பிடித்திருப்பவர் சற்றுமுன் தம் எதிரிக்கு இடம் கொடுத்துக் காத்தவர் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் எழவில்லை.

ஒரு கன்னம் முடிந்தது. தூரிகை வாளிக்குள் இறங்கி, தகரத்தில் உரசி, வெறுங்கையோடு திரும்பிற்று.

"அண்ணே... தண்ணி தீந்துபோச்சு."

இடியின் மறுகன்னத்தில் நுரை காய்ந்து இழுக்கத் தொடங்கியிருந்தது. வாய் கோணியது. ஒற்றைக் கண்ணைத் திறந்து நீர்திறப்பாளரைப் பார்த்து, "யோவ், எங்க தெருவுக்கு ஒரு நிமிஷம் தெறந்து விடுய்யா," என்றார்.

"இது கீழ்த்தெரு முறைண்ணே. முறை மாத்த மாட்டேன்." நீர்திறப்பாளர் வாளியைக் கையில் எடுத்தார். "கீழ்த்தெரு குழாயில போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன். சாவி இங்கயே இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே, உயிரைவிடப் பெரிதாகக் காத்துவந்த திருகுகோலைக் கண்ணாடிப் பலகையில் சீப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு நடந்தார். வாயிலில் நின்றவர்கள் தடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விலகி நின்றனர்.

அவர் தெரு முனை திரும்பியதும் மைத்துனர் எழுந்தார். "அவன் திரும்பி வரமாட்டான், மாமா. சாவிதான் கைல கெடச்சிருச்சே, இப்பவே போய் அவங்க வால்வ மூடிடட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"டேய், மூடுனா என் மூஞ்சிக்குத் தண்ணி எங்கேருந்துடா வரும்?"

சொல்லிவிட்டார். சொன்னது தம் காதிலேயே விழுந்தது. கடைக்குள் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. மைத்துனரின் கை நீட்டியபடியே நின்று, பிறகு ஏதோ தலைவாரத்தான் வந்ததுபோல் சீப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்கியது. இரும்பு வணிகர் கண்ணாடியில் தெரிந்த பாதி முகத்தையே பார்த்தவாறு கிடந்தார். பார்க்க வேறொன்றும் அங்கே இல்லை. ஒரு முகத்திற்கு ஒரு குவளை நீர் இல்லாமல் தாம் இப்படித் தவிக்கையில், குழந்தைகள் உள்ள ஒரு தெருவை எத்தனை நாள் தவிக்கவிட நினைத்தோம் என்ற எண்ணம் காய்ந்த நுரையைவிடக் கடுமையாக அவரை இழுத்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

வாளி நிறைய நீரோடு நீர்திறப்பாளர் திரும்பி வந்தார். விசுப்பலகையிலிருந்து தம்மையறியாமல் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் இடி, இடி இல்லாத குரலில்.

"மீசை இல்லாம என்னை யாருக்கும் அடையாளமே தெரியலண்ணே. 'நீ யாரு, முடிவெட்டுறவரோட வாளியத் தூக்கிட்டு வந்திருக்க'ன்னு குழாயடி அக்கா ஒருத்தங்க புடிச்சிக்கிட்டாங்க. குரல வச்சித்தான் கண்டுபுடிச்சாங்க."

"தண்ணி யாருக்குன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அப்புறம் அவங்க குடத்தத் தள்ளி வச்சிட்டு, வாளிய நெறச்சிக் குடுத்தாங்க."

முடிதிருத்துநர் புது நுரை பூசி மழித்தார். மறுகன்னமும் முடிந்தது. இரும்பு வணிகர் எழுந்தார், முகத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணாடிப் பலகையை நோக்கி நடந்து திருகுகோலைக் கையில் எடுத்தார். முடிதிருத்துநர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்கள் திறந்தபோது அவ்விரும்பு நீர்திறப்பாளரின் கையில் இருந்தது.

"சாயங்காலம் எங்க முறைக்கு ஒரு நிமிஷம் தாமதமாகட்டும், அப்புறம் பேசிக்கிறேன்," என்று உறுமினார் இடி.

"ஒரு நிமிஷம் முன்னாடியும் தெறக்க மாட்டேண்ணே."

வணிகர் சிரித்துவிட்டார். அது வெளியே தெரியாதிருக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது வாயிலில் நிழல் ஒன்று விழுந்தது. தம் துணைவி நிறைத்துக் கொடுத்த நீர் யார் முகத்துக்குப் போகிறதென்று நேரில் காணப் பின்தொடர்ந்து வந்த கீழ்த்தெருக்காரர் ஒருவர், ஒரு திங்கள் மழிக்கப்படாத தாடியோடு, உள்ளே வரலாமா கூடாதா என்ற தயக்கத்தில் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார். விசுப்பலகையில் இருந்த மேல்தெருவார் ஒருவரையொருவர் பார்த்தனர். பின் எவரும் சொல்லாமலேயே ஒருவர் நகர்ந்தார், அடுத்தவர் நகர்ந்தார், கடைசியில் ஓராள் அமரும் இடம் விழுந்தது. மைத்துனர் தம் கையில் இருந்த நாளிதழின் நடுத்தாளை அவரிடம் நீட்டினார்.

முடிதிருத்துநர் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் நுரையன்றி வேறில்லை. கை மீண்டும் நடுங்கத் தொடங்கியிருந்தது. அச்சமில்லாதவர் செய்த துணிவைப் பாட உலகில் பலர் உளர். அச்சத்தோடே, நாற்காலியில் அமர்ந்த ஒருவருக்காகத் தம் இடத்தைவிட்டு அசையாதிருந்தவரை நான் இங்கே எழுதி வைக்கிறேன். நாம் எல்லோரும் நாள்தோறும் ஒருவர் கையில் ஒருவர் கழுத்தைக் கொடுத்து, கண்மூடி அமர்ந்தே வாழ்கிறோம். வாளியில் இன்னும் நான்கு முகங்களுக்கு நீர் இருந்தது. அவர் வெள்ளைத்துணியை உதறி, "அடுத்து யாரு, வாங்க," என்றார்.