சட்டை அவர், முகம் அவள்

டயர் கிடங்காக இருந்து ஓவியக் கூடமாக மாறிய அந்தக் கட்டிடத்தின் சுவர், புதிதாக ஒரு படம் மாட்டும்போதெல்லாம் அந்தப் படத்தின் அகலத்துக்கு நீண்டுகொடுத்தது. வெளியே நின்று பார்த்தால் மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரே ஒரு ஷட்டர்தான். உள்ளே போய்ச் சுற்றிவந்தால் கால் வலிக்கும். ஒரு பொறியாளர் வந்து டேப் பிடித்து உள்ளே அளந்தார், வெளியே போய் அளந்தார், திரும்ப உள்ளே வந்து அளந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "ஓதம் இல்லை, நல்ல கட்டிடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பேருந்தில் ஒருவர் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவதில்லையா, அதுபோலத்தான்.

கூடத்தை ஆரம்பித்தவள் குட்டைமுடி என்று எல்லோரும் கூப்பிட்ட ஓவியர். கூடவே கல்லில் சிலை செதுக்கும் ஒரு திருநங்கையும், காது கேளாத, கரிக்கோட்டில் மழை வரையும் ஒரு பெண்ணும். ஊரில் இருந்த பெரிய காட்சிக்கூடங்கள் வருஷக்கணக்கில் இவர்களுக்குச் சொன்ன ஒரே பதில், "இடமில்லை." போதும்டா சாமி என்று மூவரும் கிடங்கைப் பிடித்து, ரப்பர் நாற்றம் போகும்வரை தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்தார்கள். சட்டம் என்று இரண்டுதான் வைத்தார்கள். "இடமில்லை" என்ற வார்த்தை ஷட்டருக்கு உள்ளே வரக்கூடாது. படம் போட்டவள்தான் தன் படத்துக்கு ஆணி அடிக்க வேண்டும். வாசலில் ஒரு சுத்தியலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதுவரை சுத்தியலையே தொட்டறியாத பெண்களெல்லாம் வந்து விரலை நசுக்கிக்கொண்டு, உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஆணி அடித்தார்கள். சுவரும் சலிக்காமல் நகர்ந்து கொடுத்தது.

அந்தக் கூடத்துக்கு ஒரு நாள் காலையில் போர்டுக்காரர் வீட்டம்மா வந்தாள். போர்டுக்காரரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. பெயர்ப்பலகையில் ஆரம்பித்து, ஆள் படம் வரைவதில் கொடிகட்டிப் பறந்தவர். பள்ளி, வங்கி, கல்யாண மண்டபம், மருத்துவமனை என்று எங்கே நுழைந்தாலும் அவர் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று நம்மைப் பார்க்கும். உயிரோடு பார்க்கும், அதுதான் விசேஷம். ஆனால் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த வேலை இதுதான்: சட்டை அவர் போடுவார், முகம் அவள் போடுவாள். அவரையும் குறை சொல்ல முடியாது. சட்டையில் அவரை அடிக்க ஆள் இல்லை. அவர் வரைந்த பித்தானைக் கழற்றப் பார்த்த குழந்தைகள் உண்டு. முகம்தான் அவருக்கு வராது. கண் வரைந்தால் பித்தான் மாதிரியே இருக்கும். எல்லாம் முடிந்ததும் அடியில் அவர் பெயரையும் அவளே எழுதிவிடுவாள். அவள் எழுத்துதான் அழகு என்று அவரே சொல்லுவார். பாராட்டாகவே சொல்லுவார், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊர்ப்பட்ட முகங்களை வரைந்தவளுக்குத் தன் முகத்தை ஒரு தடவை வரைய வேண்டும், அதை நாலு பேர் பார்க்கிற சுவரில் தன் படமாக மாட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அவர் மதியம் குறட்டை விடும் நேரத்தில், குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிவந்து ஜன்னலில் சாத்திவைத்து வரைந்தாள். கழுத்துக்குக் கீழே கான்வாஸ் துணி வெறுமையாக இருந்தது. கூடத்தில் படத்தைப் பிரித்ததும் எல்லோரும் அசந்துபோனார்கள். அந்த வெறுமையில் பெரிய அர்த்தம் இருக்கிறது என்று தலையாட்டினார்கள்.

"அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்குச் சட்டை வராது" என்றாள் அவள்.

சுத்தியலை எடுத்து ஆணி அடித்தாள். படத்தை மாட்டினாள். சுவர் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆணி மெல்ல வெளியே வந்து தரையில் விழுந்தது. படத்தைக் கையில் தாங்கிக்கொண்டாள். அப்படி அதுவரை நடந்ததே இல்லை. ஆணி துரு என்றார்கள், காரை சரியில்லை என்றார்கள். வேறு ஆணி, வேறு இடம். அதையும் துப்பியது சுவர். சொல்லக்கூடாத அந்த வார்த்தை எல்லோர் நாக்கிலும் வந்து நின்றது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மட்டும் தெரியாதா என்ன? மற்ற எல்லோருக்கும் நகர்ந்தது தனக்கு மட்டும் நகரவில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

"பரவால்லங்க. நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"கொஞ்சம் நில்லுங்கக்கா" என்று குட்டைமுடி குனிந்து படத்தைப் பார்த்தாள். "இது யாரு படம்?"

"என்னோடதுதான்."

"அப்ப கீழ யாரு பேரு இருக்கு?"

பார்த்தாள். அடிப்பாவி! தன் முகத்துக்குக் கீழே வளைவும் சுழிவுமாகப் போர்டுக்காரரின் பெயர். யாரும் எழுதச் சொல்லவில்லை, கை பாட்டுக்கு எழுதியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல் பாதி, அந்தக் கை மேல் பாதி. டர்பன்டைன் துணியை வாங்கி அழுத்தித் துடைத்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். வலது கை மறுபடியும் அவர் பெயரின் முதல் எழுத்துக்கே போனது.

"சனியனே" என்று அதை அதட்டிவிட்டு, பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதி முடித்தாள். ஆணியையும் இடது கையாலேயே அடித்தாள்.

சுவர் நகர்ந்தது. படத்தின் அகலத்தோடு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. பார்க்க வந்தவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம்வரை நகர்ந்து, ஒரு தெரு நீளத்துக்கு வெள்ளையாக நின்றது. இவ்வளவும் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முகங்கள் வர ஆரம்பித்தன. ஊரெல்லாம் அவள் வரைந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஷட்டர் வழியாக உள்ளே வந்து, வரிசையாகச் சுவரில் இடம்பிடித்தன. தலைமையாசிரியர் முகம் வந்தது, பல் டாக்டர் முகம் வந்தது, கல்யாண மண்டபத்து முதலாளியும் அவர் மனைவியும் ஜோடியாக வந்தார்கள். ஊர் அலுவலகங்களில் சட்டைகள் மட்டும் படச் சட்டங்களுக்குள் விறைப்பாக நின்றன.

வங்கி மேலாளர் ஒருவர்தான் சண்டைக்கு வந்தார், எங்கள் நிறுவனர் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று.

"தாராளமா. கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள் குட்டைமுடி. மேலாளர் கூப்பிட்டுப் பார்த்தார். நிறுவனர் வரவில்லை.

கொஞ்ச நாளில் ஊர் பழகிக்கொண்டது. செத்துப்போன அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கூடத்துக்கு வந்தார்கள், சட்டையைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனார்கள். சட்டையும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். போர்டுக்காரர் வீட்டம்மாவை முகக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய காட்சிக்கூடம் ஒன்று தேடிவந்து அழைத்தது. இங்கே வசதியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

போர்டுக்காரர் மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, ஒரு நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சுவரோரமாக முழுவதும் நடந்து பார்த்தார். கடைசியில் அவள் முகத்துக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றார்.

"கழுத்துக்குக் கீழ காலியா இருக்கே. நான் வேணா போட்டுத் தரட்டுமா?"

"வேணாங்க. நான் கத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அவரிடம், நீங்களும் ஓவியரா என்று கேட்டாள். போர்டுக்காரர் தன் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டார்.

"நான் முகக்காரம்மா வீட்டுக்காரருங்க" என்றார்.