ஆறுதலா ஓடுங்கோ

வண்டி வாங்குகிறவன் எஞ்சினைப் பார்ப்பான், பிரேக்கைப் பார்ப்பான், பேப்பரைப் பார்ப்பான். நவநீத் பார்த்தது டயரை. அதையும் சோதித்தா பார்த்தான்? சொக்கிப்போய்ப் பார்த்தான். காட்டுக்குள் வேட்டைக்குப் போகிற ஒரு ஜெர்மன்காரர் விற்ற பழைய டீசல் ஜீப் அது. நாலு சக்கரத்திலும் சேற்றுக்கும் பாறைக்கும் செய்த தடித்த டயர். ஒவ்வொரு ரப்பர் கட்டியும் மைசூர்பாகுத் துண்டு அளவுக்கு இருந்தது. ஈரோட்டில் பிறந்து டோர்ட்மண்டில் கணினி முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்தவனுக்கு அதைப் பார்த்ததும் தோள் கொஞ்சம் விரிந்துவிட்டது.

கேட்டால் மனைவி பார்கவிக்காக என்பான். முழுப் பொய்யும் இல்லை. அவளுக்கு அப்போது நாலாவது மாதம். கொலோனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. ரயில் பாதி நாள் வராது, வந்தால் உட்கார இடம் இருக்காது. போன வருஷம் ஒரு கரு பத்தாவது வாரத்தில் கலைந்துபோயிருந்தது. அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாலும் மனசு கேட்குமா? இந்தத் தடவை இந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் பார்கவிக்கு. மற்றதெல்லாம் அப்புறம். அவனுடைய கம்பெனிக்கும் கொலோனில் ஒரு கிளை இருந்தது, தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே போய் வரலாம் என்று முடிவாயிற்று.

முதல் வாரத்திலேயே வண்டி தன் குணத்தைக் காட்டிவிட்டது. நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் என்று சொல்லி விற்றது பதினொன்றைத் தாண்டிக் குடித்தது. நாலு நாளைக்கு வர வேண்டிய டேங்க் மூன்றாம் நாள் காலையிலேயே மஞ்சள் விளக்கைப் போட்டது. எண்பதைத் தாண்டினால் அடியிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பும். மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டும். வளைவுகளில் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

"இந்தச் சத்தத்துல வயித்துக்குள்ள இருக்கறது எப்படித் தூங்கும் நவநீத்? முதல்ல டயரை மாத்து" என்றாள் பார்கவி.

"மாத்தலாம், மாத்தலாம்" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். பிரச்சினையைச் சத்தம் போட்டு அமுக்குகிற ஆள் அவன்.

நவம்பர் தொடக்கத்தில், டீசல் செலவு தாங்காமல்தான், லவினியாவின் பட்டறைக்குப் போனான். லவினியா யாழ்ப்பாணத்துப் பெண். எட்டு வயசில் வந்தவள், இங்கேயே மெக்கானிக் படிப்புப் படித்து, டோர்ட்மண்டில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறாள். வாயில் ஸ்பானரை வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, தன் போனில் வேகத்தைப் பார்த்தாள். திரும்பி வந்ததும் அவள் முகம் மாறியிருந்தது.

"அண்ணை, உந்த ரயர் காட்டுக்கும் சேத்துக்கும் செய்தது. இவ்வளவு பாரத்தை உருட்டுறதுக்கே எஞ்சின் பாடுபடுது, பிறகு டீசல் குடிக்காமல் என்ன செய்யும்? அது காசோட போகட்டும். இது இந்தக் காருக்குரிய அளவும் இல்லை, பெரிசு. முள்ளு நூறு காட்டேக்க நீங்கள் நூத்தியஞ்சில போறியள். மழை பெஞ்சா இந்தக் கட்டையள் ரோட்டைப் பிடிக்காது. பிறேக் அடிச்சா நினைச்ச இடத்தில நிக்க ஏலாது."

நவநீத் குனிந்து டயரை ஒரு தடவை பார்த்தான். "இப்ப என்ன பண்றது?"

"சரியான ரயர் எடுத்துத் தாறன். வாற வியாழக்கிழமை டெர்மின் போடுறன். அதுவரைக்கும் ஆறுதலா ஓடுங்கோ."

இந்த இடத்தில்தான் அந்த மனிதனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, நிதானமாக. ஈரோட்டில் ஆறுதல் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். துக்க வீட்டில் சொல்வது, நிம்மதி, மனத்தேற்றல். லவினியா மெதுவாகப் போ என்றாள். நவநீத் கவலைப்படாதே என்று கேட்டான். டாக்டர் எல்லா வியாதியையும் பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் 'பயப்படாதீங்க' என்று முதுகில் தட்டுவாரே, அப்படி எடுத்துக்கொண்டான். அவன் கேட்க விரும்பிய சொல்லும் அதுதான், அதனால் திருப்பி ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. விளங்காவிட்டால் ஜெர்மன்காரனிடம் மூன்று தரம் கேட்பான். தமிழில் சொன்னால் கேட்பானேன்?

வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையாம். நிம்மதியா ஓட்டுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றான். சொல்லையே மாற்றிச் சொன்னான் பாருங்கள். 'ஆறுதலா' என்று அப்படியே சொல்லியிருந்தால் பார்கவி பிடித்திருப்பாள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் நிரஞ்சனா என்று ஒரு யாழ்ப்பாணத் தோழி, மதியம் தினமும் "ஆறுதலா சாப்பிடுங்கோ, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் பக்கத்தில் உட்காருவாள்.

பார்கவி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஆறாவது மாதத்தில், தினமும் இருநூறு கிலோமீட்டர் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் அவனை நம்பியே ஆக வேண்டும்.

அதோடு விட்டானா? வியாழக்கிழமை ஆபீஸில் ஏதோ முக்கியமான வேலை என்று டெர்மினை, அதாவது பட்டறையில் குறித்துவைத்த நாளை, இரண்டு வாரம் தள்ளிப்போட்டான். போன்கூடப் பண்ணவில்லை. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினான், முடிந்தது. அந்த வாரம் முழுக்க வறண்ட வானம், வண்டியும் ஒழுங்காக ஓடியது. தான் சரியாகத்தான் செய்தோம் என்று அவனுக்கு ஒரு திருப்திகூட வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போதே மழை. காலை பத்து மணிக்குக் கொலோன் ஆஸ்பத்திரியில் பார்கவிக்கு ஸ்கேன். கிளம்ப நேரமாகிவிட்டது. ஏ ஒன்று நெடுஞ்சாலை வூப்பர்டாலைத் தாண்டி மேடும் இறக்கமுமாகப் போகிற இடத்தில் தண்ணீர் பாளம் பாளமாக நின்றது. லாரிகள் கிளப்பிய புகை மாதிரியான சாரலில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குத் தெரிவதே பெரும்பாடு. தலைக்கு மேலே மின்பலகை நூறு என்றது. முள் நூற்று இருபதில் நின்றது. நிஜத்தில் அது நூற்று இருபத்தாறு.

"மெதுவா போ நவநீத். ஸ்கேன் தள்ளிப்போனா போகட்டும்."

"பெரிய வண்டி இது. ஒண்ணும் ஆகாது."

ஸ்டீயரிங் அடிக்கடி கையில் லேசாகிப்போவதை அவன் உணர்ந்தான். சக்கரம் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பயமாகத்தான் இருந்தது. மனைவி பக்கத்தில் இருக்கும்போது பயத்தைக் காட்டக் கூடாது என்று எவனோ எப்போதோ அவனுக்குச் சொல்லிவைத்திருந்தான் போலிருக்கிறது.

அப்போது வண்டியின் ஸ்பீக்கரில் போன் அடித்தது. பார்கவிதான் எடுத்தாள்.

"அண்ணை, லவினியா கதைக்கிறன். ஏன் டெர்மினைத் தள்ளிப் போட்டனீங்கள்? இப்பதான் பாத்தனான். இண்டைக்கு முழுக்க மழை, காரை எடுத்தனீங்களோ?"

"ஆமாங்க, கொலோன் போயிட்டிருக்கோம். நீங்கதானே ஆறுதலா ஓட்டுங்கன்னு சொன்னீங்க" என்றான் நவநீத்.

"ஓம், சொன்னனான். இந்த மழைக்குள்ள எண்பதே கூடுதல். ஆறுதலாத்தான் போறியளோ?"

பார்கவி அவன் பக்கம் திரும்பினாள். "ஆறுதலான்னா சொன்னாங்க? ஆறுதலான்னா மெதுவா. மெதுவா போகச் சொல்லியிருக்காங்க நவநீத்."

லவினியா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இரைச்சலில் கேட்கவில்லை. நவநீத் காலை எடுத்தான். முள் நூற்றுப் பத்துக்கு இறங்கியது. அதே நேரம் இறக்கத்தின் அடியில், சாரலுக்குள்ளிருந்து, வரிசையாகச் சிவப்பு விளக்குகள் எழுந்தன. போக்குவரத்து அப்படியே நின்றுபோயிருந்தது.

பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தான். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. வேகம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. சாதாரண டயர் நின்றிருக்கக்கூடிய இடம் வந்தது, அதையும் தாண்டிப் போனது. வெள்ளை வேன் ஒன்றின் பின்கதவும் அதில் எழுதியிருந்த குழாய்க்காரரின் தொலைபேசி எண்ணும் தெளிவாக வாசிக்க முடிகிற தூரத்துக்கு வந்துவிட்டன. பார்கவி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

மோதல் அவ்வளவு பெரிதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். காற்றுப் பைகள் வெடித்தன, வேன் நாலு அடி முன்னால் போய் நின்றது. குழாய்க்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பார்கவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெல்ட் மட்டும் அடிவயிற்றை இறுக்கியிருந்தது. ஆம்புலன்சில் ஏறும்போது அவள் சொன்னாள், "அசைவு தெரியல."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டி, துடிப்பைத் தேடினார்கள். முதலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. நவநீத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு டக்டக்கென்று துடிப்புக் கேட்டது, வேகமாக, ஒழுங்காக. அவன் அழுதுவிட்டான். பார்கவி அழவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இப்போது துடிப்பு இருக்கிறது. ஆனால் நஞ்சுக்கொடி இனிமேல்கூடப் பிரியலாம். நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது" என்றாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் போலீஸ் வந்தாள். வாசலிலேயே நவநீதைக் கேட்டாள், எவ்வளவு வேகம்? "நூறு. பலகையில் போட்டிருந்த வேகம்தான்" என்றான். கொஞ்சமும் யோசிக்காமல், கட்டிலில் இருந்த பார்கவிக்கும் கேட்கும்படி வந்தது அந்தப் பொய். அவள் குறித்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். குழாய்க்காரருக்குக் கழுத்தில் அடி என்பதால் விசாரணை உண்டு என்றாள். "நீங்கள் இவருடைய மனைவி. இவருக்கு எதிராக எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்குச் சட்டப்படி இல்லை. மறுத்துவிடலாம்."

அந்த ஜெர்மன் வாக்கியம் நவநீதுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. நிம்மதியாக மூச்சு விட்டான்.

பார்கவி கண்ணை மூடி, அறையில் ஓடிக்கொண்டிருந்த துடிப்பைச் சற்று நேரம் கேட்டாள். பிறகு ஜெர்மனில், "நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.

"பார்கவி, வேண்டாம்" என்றான் தமிழில். "என் வேலை, விசா, எல்லாம் இருக்கு. நம்ம குடும்பம்."

"இது பொழச்சுதுன்னா, இதுகிட்டப் பொய் சொல்லிட்டு இருக்க என்னால முடியாது" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பொழைக்கலேன்னா, உன் கூட ஒரு வீட்ல இருந்துக்கிட்டு எனக்கே பொய் சொல்லிக்க முடியாது. நீ வெளிய போ."

போலீஸ்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நவநீத் தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.