சிறு வயது முதலே

வசந்தாவுக்கு மனு எழுத வராது. ஆனால் எப்படி எழுதினால் மனு பலிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பட்டுத் தெரிந்துகொண்டது அது. அவள் தங்கை தமிழ்ச்செல்விக்கு இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனது. உதவித்தொகை கேட்டு முதல் மனு போட்டபோது, 'மூன்று வயதில் காய்ச்சல் வந்து இப்படி ஆனது' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு அத்தாட்சி எங்கே, அப்போது பார்த்த டாக்டர் எங்கே என்று ஒன்றரை வருஷம் அலையவிட்டார்கள். இரண்டாவது மனுவில் 'பிறவியிலேயே' என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றினார்கள். நாற்பது நாளில் பணம் வந்துவிட்டது. நோய் எத்தனை பழசோ அத்தனை சீக்கிரம் அரசாங்கம் நம்பும் என்று அன்றைக்கு அவள் மனசில் ஆணியடித்தாற்போல் பதிந்தது.

அந்தப் பாடத்தைத்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் புருஷனுக்காகப் பயன்படுத்தினாள். பாவி, சும்மா இருந்திருக்கலாம்.

புருஷன் துரை பீரங்கிப் படையில் சிப்பாய். சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வருஷம் வடக்கே பனிமலை மேல் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றான். ஒற்றைத் தலைவலி அங்கேதான் பிடித்தது. முதலில் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் வளைந்து வளைந்து நெளியும். அப்புறம் இடது பக்க மண்டையைப் பிளக்கும். வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் பித்தம் வரும். மாதத்தில் பாதி நாள் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவனை ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இனி பட்டாளத்துக்கு லாயக்கா இல்லையா என்று பார்க்க மருத்துவ போர்டு வைக்கப்போவதாகவும் சொன்னார்கள். அங்கிருந்து அவன் ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டான்.

'போர்டில் மூன்று டாக்டர்கள் உட்காருவார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பப் போவது நிச்சயம். அவர்கள் மனது வைத்தால் ஊனப் பென்ஷன் கிடைக்கும். இல்லாவிட்டால் வெறுங்கைதான், பதினைந்து வருஷம் முடிக்காதவனுக்கு வேறு பென்ஷன் கிடையாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நான் நடிக்கிறேன் என்று வார்டில் பேசிக்கொள்கிறார்கள். கால் போனவன் காலைக் காட்டுகிறான். நான் எதைக் காட்டுவது?'

கடைசி வரியை வசந்தா நாலு தடவை படித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லீவில் வந்திருந்தபோது நெல் அரைக்கும் மிஷின் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் இருட்டில் போய்ப் படுத்த மனுஷன் அவன். அவனா நடிக்கிறான்? மூன்று வயது மகள் வைஷாலியைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அலுவலக வாசலில் வேப்ப மரத்தடியில் மடிப்பு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் அப்பாசாமி. தமிழ்ச்செல்வியின் இரண்டாவது மனுவை எழுதியவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கதை முழுவதையும் கேட்டார்.

"தலைவலி எப்பத்துலேர்ந்து கீது?"

"ரெண்டு வருஷமாங்கய்யா. அந்தப் பனிமலைக்குப் போனதுலேர்ந்து."

அப்பாசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு வருஷத் தலைவலிக்கு பென்ஷன் குடுப்பானா? ஊர்ல எவனுக்கும்மா தலைவலி இல்ல? எனக்கே இப்ப வலிச்சுகினுதான் கீது. வேற இன்னா இருக்கு, சொல்லு. கண்ணால பாக்கற மாதிரி எதுனா இருக்கா?"

கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று இருந்தது. துரையின் இடது நெற்றிப்பொட்டில் ஒரு சூட்டுத் தழும்பு, புளியங்கொட்டை அளவுக்கு. நாலு வயதில் காய்ச்சல் முற்றிக் கை கால் வெட்டி இழுப்பு வந்தபோது, அவன் அம்மா செல்லம்மா மஞ்சள் கொம்பைக் கொளுத்தி வைத்த சூடு அது. இழுப்பு அன்றோடு போயிற்று, அப்புறம் வரவேயில்லை. செத்துப்போவதற்கு முன்னால் செல்லம்மாவே மருமகளிடம் இதைச் சொல்லியிருந்தாள். தலைவலிக்கும் அந்தத் தழும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வசந்தாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

"தலைவலிக்கு வெச்ச சூடுன்னே எழுதுங்கய்யா," என்றாள்.

அப்பாசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. 'என் கணவர் சிறு வயது முதலே கடுமையான தலைவலியால் அவதிப்பட்டு வருகிறார். அதற்காக வைத்த சூட்டின் தழும்பே சாட்சி' என்று எழுதிவிட்டு அவளுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினார். அவளுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது. டைப் அடிக்கிற கடையில் கொடுத்து அதை இங்கிலீஷில் மாற்றி, கீழே 'து. வசந்தா' என்று தமிழில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது துரை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தான். போர்டில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "காயிதம் பின்னால வரும்," என்று மட்டும் சொன்னான். மனு வந்ததா என்று அவளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பென்ஷன் வரட்டும், அப்புறம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மாசி மாதம் காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்த அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு விவரம் சொல்லும் அலுவலகத்தில் ராமதாஸ் என்று ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஹவில்தார். காகிதத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார்.

"தம்பி, வலி இருக்குதுன்னு ஒத்துக்கினாங்க. நூத்துக்கு முப்பது ஊனம்னே போட்டுக்கீறாங்க. நடிப்புன்னு ஒருத்தரும் சொல்லல," என்றார்.

வசந்தாவுக்கு மனசு குளிர்ந்தது. துரை அசையவில்லை.

"ஆனா பென்ஷன் இல்ல. பட்டாளத்துல வந்த நோவா, வூட்லேர்ந்தே கொண்டாந்த நோவா, அதான் போர்டுல பாப்பாங்க. பட்டாளத்துல வந்துதுன்னா பென்ஷன். வூட்லேர்ந்து கொண்டாந்துதுன்னா ஒண்ணும் இல்ல. சின்ன வயசுலேர்ந்தே இருந்ததா ஒத்துக்கினதா இதுல கீது. யாருப்பா ஒத்துக்கினது?"

வசந்தா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றான் துரை.

ராமதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "புத்தி கெட்டுதா உனக்கு? சேரும்போது எழுதின அங்க அடையாளத்துல நெத்தித் தழும்பு வேற இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்து முடிச்சிட்டாங்க. சரி, அப்பீலுக்கு ஆறு மாசம் டைம் கீது. இனிமே நீ மாத்திச் சொன்னா செல்லாது, ஒத்துக்கினவனே நீ. அந்தத் தழும்பு எதுக்கு வெச்சதுன்னு தெரிஞ்ச வூட்டு மனுஷங்க யாருனா உண்மைய எழுதிக் குடுக்கணும். அம்மா இருக்காங்களா?"

"இல்ல சார்."

"வேற யாருக்குனா தெரியுமா?"

துரை சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தா பக்கம் அவன் திரும்பவே இல்லை. வசந்தா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். தழும்பின் கதையைச் சொன்னால் மனுவின் கதையையும் சொல்லியாக வேண்டும். மனுவைப் பற்றி ராமதாஸ் ஒன்றும் படிக்கவில்லை. ஒருவேளை அது போய்ச் சேரவே இல்லையோ? அவனே போய் உளறிவிட்டு வந்திருக்கிறான், நான் என்ன பண்ணுவேன்? இப்படி ஒரு சின்னப் பொந்து கிடைத்ததும் அவள் அதற்குள் புகுந்துகொண்டாள். கோழை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவளுக்கு அதில் ஆறுதலே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது துரை ஈரத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தான். மதுராந்தகம் தாண்டும்போது ஒரு தரம் துண்டை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தான். இன்னா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

அப்பீல் போடாமலே அந்த ஆறு மாசமும் ஓடியது. துரை வேர்க்கடலை ஆய்கிற வேலைக்குப் போய்ப் பார்த்தான். சவுக்குத் தோப்பில் வெட்டுக் கூலிக்குப் போனான். வெயில் உச்சிக்கு ஏறினால் படுத்துவிடுகிறவனை யார் மறுநாள் கூப்பிடுவார்கள்? எருமை இரண்டையும் விற்றுச் சாப்பிட்டார்கள். கடைசியில் இரண்டாயிரத்து மூன்றில் நாவலூரில் புதிதாக எழும்பிய கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்றின் கேட்டில் காவல் வேலை கிடைத்தது. மற்ற காவல்காரர்களோடு அங்கேயே தகர ஷெட்டில் தங்கிக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தான்.

அந்த வருஷம் ஆடி மாதம் வைஷாலியின் பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். வசந்தா டிரங்குப் பெட்டியைக் குடைந்தாள். அடியில் பழைய யூனிஃபாரத்துக்குள் மடித்து வைத்த ஒரு ஜெராக்ஸ் இருந்தது. மேலே ஆஸ்பத்திரியில் குத்திய சிவப்பு முத்திரை, நடுவில் இங்கிலீஷ், கீழே 'து. வசந்தா'.

பிள்ளைக்குச் சோறு போட்டது கூட அவளுக்கு நினைவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு பஸ், திருப்போரூரில் ஒரு பஸ் என்று மாறி நாவலூரில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. சாலையோரம் முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம் தகதகவென்று வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, தொப்பிக்கு அடியில் கைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, இடது கண்ணை மூடியபடி துரை நின்றிருந்தான்.

காகிதத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இது எப்பக் கெடச்சுது மாமா?"

"போர்டு அன்னிக்கே. ஒரு ஜெராக்ஸ் குடுத்தாங்க."

"அப்ப மூணரை வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." காவல் கூண்டின் நிழலுக்குள் ஓரடி தள்ளி நின்றுகொண்டான். "அன்னிக்குக் காத்தாலயே வலி வந்துட்டுது. அந்த ரூம்ல ரெண்டு டியூப் லைட்டு. இத நீட்டி, உன் பொண்டாட்டி எழுதிக்கீறா, சரியா பாருன்னாங்க. எழுத்தெல்லாம் நெளிஞ்சுகினு இருந்துது. கீழ உன் கையெழுத்து மட்டும்தான் தெரிஞ்சுது. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு ஆமா சார்னுட்டேன். ரயில்ல வரும்போதுதான் ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு."

"செங்கல்பட்டுல என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே. எதுக்கு நான்தான்னு சொன்ன?"

"எல்லார் எதுருலயும் உன்னப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

"அப்பறமாவது கேக்கக் கூடாதா? வூட்டுக்கு வந்து ரெண்டு அறை விட்டிருக்கக் கூடாதா?"

துரை மூடியிருந்த கண்ணையும் திறந்து அவளைப் பார்த்தான். கோபமே இல்லாமல் பார்த்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அந்த ஆறு மாசமும் தெனம் அதான் பாத்துகினு இருந்தேன்," என்றான்.

பின்னால் கார் ஹாரன் அடித்தது. துரை திரும்பி நாலு எட்டில் போய்த் தடுப்புக் கம்பியைத் தூக்கினான். கண்ணாடிச் சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பட்டாளத்தில் அடிக்கிற மாதிரியே சல்யூட் அடித்தான். காரில் போனவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை இறக்கும்போது துரை ஒரு கணம் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வசந்தா அவன் பக்கத்தில் போய் நின்றாள். செங்கல்பட்டில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னாள்.

"அது இழுப்புக்கு வெச்ச சூடு மாமா. தலவலிக்கு இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றான் துரை. "பஸ்ஸு ஒண்ணே காலுக்கு. கொழந்த ஸ்கூல் வுட்டு வந்துடும், நீ கெளம்பு."