உரிமையாளர் ஒப்புதல்

ரத்தினபாய் டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தாலே எட்டாம் வகுப்பு மூச்சு விடாது. அப்பேர்ப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை காலை, இரும்புலியூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில், பெற்ற மகள் நீட்டிய ஒரு தாளில் கையெழுத்துப் போட முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல என்னம்மா யோசனை? உன் பழைய ஃபோனை நான் ஆராயறதுக்கு நீ சம்மதிக்கணும், அவ்வளவுதான். ஓனர் கையெழுத்து இல்லாம நாங்க எதையும் தொடக் கூடாது" என்றாள் கெசியா.

நாங்களாம்! இன்னும் படிப்பில் சேரவே இல்லை. அதற்குள் நாங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஒரு வருஷம் பெருங்களத்தூரில் வேலை பார்த்த பெண்ணுக்கு, மேல்படிப்பு என்றால் டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ்தான் என்று பிடிவாதம். ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஆட்கள் அழித்துவிட்டதைத் தோண்டியெடுத்து, கோர்ட்டில் ஆதாரமாக வைக்கிற படிப்பு. காட்டாங்குளத்தூரில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. தாம்பரத்தில் ரயிலேறினால் அரை மணி நேரம். சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். ஆனால் அவள் மனசெல்லாம் குஜராத்தில் இருந்தது. அங்கே இடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஃபோன் ஒன்றை எடுத்து, அதில் அழிக்கப்பட்டவற்றில் பத்தையாவது மீட்டு, அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். இன்று மாலை ஆறு மணி கெடு.

ஊரில் எத்தனையோ பழைய ஃபோன் இருக்க, பீரோவிலிருந்து இவள் எடுத்தது அம்மாவின் ஃபோன்.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ரத்தினபாய் கையெழுத்துப் போட்டாள்.

கெசியா ஃபோனைச் சார்ஜில் போட்டாள். அதிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகி என்னவோ செய்தாள். பிறகு, "கவரும் டேப்பும் வாங்கிட்டு வந்துடறேன். ஃபோனை ஒட்டி சீல் வைக்கணும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அப்பா தனசிங் காலையிலேயே ஆபீஸ் போயிருந்தார். யாரும் என்று சொல்ல வீட்டில் ரத்தினபாய் ஒருத்திதான் இருந்தாள்.

அவளுக்கும் மேசைமேல் கிடந்த ஃபோனுக்கும் நடுவே இருந்தது நாலு வருஷத்துப் பழைய ஒரு மெசேஜ்.

கெசியா பிளஸ் டூ முடித்த வருஷம் அது. அப்போதே இதே குஜராத்துக்கு, ஃபாரன்சிக்ஸ் இளங்கலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வெயிட்டிங் லிஸ்டில் பெயர் வந்தது. இடம் காலியானால் மெசேஜ் அனுப்புவோம் என்றார்கள். எந்தப் படிவமானாலும் அம்மா நம்பரைக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். ஒரு மத்தியானம் மெசேஜ் வந்தது. ரத்தினபாய் அதைப் படித்தாள், அழித்தாள். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. ஒரு மாசம் அந்தப் பெண் தலையணையை நனைத்தது. பிறகு தாம்பரத்திலேயே ஒரு காலேஜில் சேர்ந்தது.

ரத்தினபாய் கெட்டவள் இல்லை. பயந்தவள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவர்கள் முடிச்சூரில் இருந்தார்கள். டியூஷன் போன பன்னிரண்டு வயசுப் பிள்ளை அந்த மிஸ் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிற படகையெல்லாம் மறித்து, "மஞ்சள் கவுன் போட்ட பொண்ணு, பார்த்தீங்களா சார்?" என்று கேட்டவள் இவள். பிள்ளை திரும்பி வந்தது. பயம் மட்டும் இறங்கவே இல்லை. கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று அன்றைக்கே அவள் உடம்பு முடிவு செய்துவிட்டது.

இப்போது அந்த உடம்புதான் நாற்காலியிலிருந்து எழுந்தது. ஃபோனை எடுத்தாள். விரல் பழைய பேட்டர்னை மறக்கவில்லை. செட்டிங்ஸ், ரீசெட், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். மறுபடி பேட்டர்ன் கேட்டது. போட்டாள். திரை கறுத்தது. தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தாள். வண்டி வந்து நிற்பதற்குள், கடையில் புதுசாக வாங்கியதுபோல் ஃபோன் அவளுக்கு வணக்கம் சொல்லி எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

கெசியா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"தெரியல கெசி. சார்ஜ் ஏறினதும் தானா இப்படி ஆயிடுச்சு."

"தானா ஆகாதும்மா. பேட்டர்ன் கேக்கும். அது உனக்கு மட்டும்தான் தெரியும்."

ரத்தினபாய் திருதிருவென்று முழித்தாள். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எப்படி முழிக்கும் என்று இருபது வருஷமாகப் பார்த்தவள். தன் முகம் இப்போது அப்படித்தான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கத்தப் போகிறாள் என்று நினைத்தாள். கெசியா கத்தவில்லை. கவரைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, என்கிட்ட சொல்லு. யாராவது உன்ன மிரட்டுறாங்களா? ஃபோட்டோ ஏதாவது மார்ஃப் பண்ணிட்டாங்களா? அப்பாவுக்குப் பயந்து மறைக்கிறியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லடி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அழிச்சிட்டா போயிடும்னு நெனப்பாங்க. நீ பயப்படாத. கார்டைக் காலையிலேயே காப்பி எடுத்துட்டேன். முதல்ல காப்பி, அப்புறம்தான் மத்ததுன்னு சொல்லியிருக்காங்க. எவனா இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்."

காப்பி என்றதும் ரத்தினபாய் சட்டென்று லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். மெசேஜ் இருந்தது ஃபோனில். கார்டில் படங்கள் மட்டும்தான். மெதுவாக மூச்சு வந்தது. தேடட்டும், ஒன்றும் கிடைக்காது.

லேப்டாப்பில் அழிந்த படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆலயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு. மாவு அரைக்கும் மிஷினின் பில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பிறகு ஆன்லைன் வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்கள், சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள். லாக்டவுனில் வகுப்பு எடுத்ததற்குப் பள்ளிக்கூடம் ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் டீச்சர்களுக்கெல்லாம் ஒரு வியாதி வந்திருந்தது. திரையில் எது வந்தாலும் விரல் தானாகப் போய் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடும்.

பத்துப் படம் சேர்ந்துவிட்டது. சோதனைக்கு அது போதும். அந்த ரீசெட்டை ரத்தினபாய் செய்யாமல் இருந்திருந்தால் மகள் அத்தோடு மூடி வைத்திருப்பாள். ஆனால் இப்போது அவள் தேடுவது சோதனைக்காக அல்லவே. அம்மாவை மிரட்டுகிற எவனையோ தேடிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் முகங்கள் இல்லை.

அன்றைக்கு மெசேஜைப் படித்ததும், தனசிங்குக்கு அனுப்பலாம் என்று விரல் தானாக எடுத்த படம். அனுப்பாமல் அதையும் சேர்த்து அழித்தாள். அழித்ததை மனசும் அழித்துவிட்டது. 'கெசியா தனசிங், வெயிட்டிங் லிஸ்டிலிருந்து தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறுதி செய்யவும்.' தேதி, நேரம், எல்லாம் தெளிவாக இருந்தன.

கெசியா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது முறை உதடு அசைய வாய்விட்டுப் படித்தாள்.

"எனக்கு சீட்டு கிடைச்சிருந்துச்சாம்மா?"

ரத்தினபாய் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்பாவுக்கு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"நாலு வருஷமா நான் ஒரு மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். அந்த லிஸ்ட்ல எனக்குப் பின்னாடி இருந்தவங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க, நான் மட்டும் லாயக்கில்லன்னு. நீயும் பக்கத்துல உக்காந்து, பரவாயில்ல பாப்பான்னு தலையத் தடவுன."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்கு ரத்தினபாய் அழுதாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைபோலப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பயந்துட்டேன்டி. நீ போயிடுவன்னு பயந்துட்டேன்."

கெசியா சமாதானம் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அறிக்கையை எழுத ஆரம்பித்தாள். நாலு மணி ஆயிற்று, ஐந்தாயிற்று. முடித்ததும் லேப்டாப்பை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"கிடைச்சது எல்லாத்தையும் எழுதணும். ஒண்ணை மட்டும் விட்டா அது பொய் ரிப்போர்ட். இதுவும் இருக்கு, நீ ரீசெட் பண்ணதும் இருக்கு. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஓனர் சம்மதத்த வாபஸ் வாங்கலாம். நீ வேணாம்னா நான் அனுப்ப முடியாது. திங்கக்கிழமை காட்டாங்குளத்தூர்ல சேந்துடறேன்."

மணி ஐந்து நாற்பது. வேணாம் என்று ஒரு சொல். மகள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். ஊர் பேர் தெரியாத யாரோ நாலு பேர் இவள் செய்த காரியத்தைப் படிக்க மாட்டார்கள்.

"அனுப்பு" என்றாள்.

கெசியா கையை நீட்டினாள். விரல் பட்டனுக்கு மேலே போய் நின்றது, அழுத்தவில்லை. ஐந்து ஐம்பது ஆயிற்று.

"எனக்கு பயமா இருக்கும்மா" என்றாள் கெசியா, சின்னக் குரலில். "ஒன்றரை நாள் ரயில். பாஷை தெரியாது. அங்க போய் முடியலன்னா? நான் இங்கயே இருந்துடட்டுமா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் ரத்தினபாய் எந்தத் திருட்டுத்தனமும் செய்திருக்க வேண்டாம். இப்போது வந்திருக்கிறது, தானாக, கேட்காமலே. இரு என்று சொன்னால் போதும்.

அவள் மகளின் கையை விலக்கிவிட்டு, தன் விரலால் அந்தப் பட்டனை அழுத்தினாள்.