பனிக்காலத்தில் திறந்திருக்கும் ரோடு

கார் நகர்ந்ததும் ஓடெட் மெடெய்ரோஸ் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினாள். ஈஸ்ட் தாக்ஸ்டன் தீயணைப்பு நிலைய வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அங்கிருந்து அந்த ஏரிக்கரை வீட்டு வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அக்டோபர் சனிக்கிழமை, மலை முழுக்கச் சிவப்பு. கடை வாசலில் 'இன்று இலை தொண்ணூறு சதவீதம் சிவப்பு' என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நாலு மாநிலத்துக்காரர்கள் கழுத்து சுளுக்கும் அளவுக்கு இலை பார்த்துக்கொண்டிருக்க, இந்த மகராசிக்கு மட்டும் போனை விட்டுக் கண் நகரவில்லை.

"மெதுவா போ, கில். ஜனவரிப் பனியில ஆம்புலன்ஸ்காரன் இவ்வளவு வேகமாவா வருவான்?"

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி நின்னுடும். பின்னாடி வர்றவன் ஹாரன்லயே படுத்துட்டான், காதுல விழலையா?"

"விழட்டும். இலை எங்கேயும் ஓடிப்போயிடாது."

கில் அவள் கணவன். ஃபால் ரிவர் நகரில் முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவன். யாருடைய நச்சரிப்புக்கும் வண்டி நடுங்காமல் ஓட்டத் தெரிந்தவன்.

தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கியது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் தலைக்கு மேல் கை கோத்து நின்றன. வீட்டு வாசலில் கார் நின்றபோது ஓடெட் மறுபடி தட்டினாள். பதினேழு நிமிடம். அவள் போட்டிருந்த கணக்கு இருபது. மூச்சை விட்டாள், பின் சீட்டிலிருந்த இனிப்பு ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள்.

"சாப்பிடு. பாஸ் பண்ணிட்டே."

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குக் காரணம் உண்டு. போன மார்ச்சில் கில் சமையலறைத் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பதினோரு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். இன்னொரு மாரடைப்பு வரலாம், வந்தால் நேரம்தான் எல்லாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பதினோரு நிமிடத்தை ஓடெட் சொல்லாத ஆள் இல்லை. சர்ச்சில் சொன்னாள், முடி வெட்டும் இடத்தில் சொன்னாள், முட்டை வாங்கப் போன கடையில் கல்லாவில் இருந்த பெண்ணிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கில் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

ஏரிக்கரையில் குடியேற வேண்டும் என்பது கில்லின் ஆசை. சரி, ஆனால் ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வர வேண்டும், ஜனவரியிலும் வர வேண்டும். இது ஓடெட்டின் ஒரே நிபந்தனை. ஃபால் ரிவர் வீட்டை விற்றாயிற்று, மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். முதலில் பார்த்த ஊர் கோடைக்காரர்களின் ஊர், செப்டம்பர் முடிந்தால் நாய்கூட இருக்காது. இரண்டாவது ஊரில் ஆம்புலன்ஸே பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். மூன்றாவது இது, ஒரு வாரமாக இங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இந்த வீட்டுக்குக் கனெக்டிகட்டிலிருந்து இன்னொரு ஜோடியும் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. தரகர் மார்னி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: மாலை ஐந்து மணிக்குள் இரண்டு பேரும் போனில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வீடு அவர்களுக்கு. கில் காலையிலேயே போட்டுவிட்டான். ஓடெட்தான் பாக்கி.

ரோட்டைப் பற்றியும் அவள் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை கடையில் எல்வுட் பிக்ஸ்பியைப் பிடித்தாள். ஊர் ரோடுகளுக்கெல்லாம் பொறுப்பாகத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். ஒரு வார்த்தை பேசினால் ஒரு பல் விழுந்துவிடும் என்பது போன்ற மனிதர்.

"குளிர்காலத்துல அந்த ரோடு திறந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"திறந்துதான் இருக்கும்," என்றார் எல்வுட்.

"முழுக் குளிர்காலமும்?"

"முழுக்க."

அப்புறம் என்ன வேண்டும்?

மணி நாலு. கில் நேராகத் தண்ணீருக்குப் போய்விட்டான். குளிர்காலத்துக்காகப் படகுத்துறையைப் பிரித்துக் கரையில் பலகை பலகையாக அடுக்கியிருந்தார்கள், அதன் மேல் உட்கார்ந்து எதிர்க்கரைச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடெட் வீட்டுக்குள் போய் ஜன்னல்களைத் திறந்து மூடினாள், கணப்படுப்பைத் தட்டிப் பார்த்தாள். அப்போது ரோட்டுப் பக்கமிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எல்வுட். மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

வருங்கால ஊர்க்காரராயிற்றே, ஒரு துண்டு ரொட்டி கொடுப்போம் என்று போனாள்.

"என்ன பலகைங்க இது?"

"பனிவண்டிக்கு."

"பனி அள்ளுற வண்டிக்கா?"

"இல்ல. பசங்க மேல உக்காந்து ஓட்டுவாங்களே, அதுக்கு. கிளப்பு வண்டிங்க எல்லாம் இதுலதான் போகும்."

"ரோட்டு ஓரமாவா?"

"ரோட்டு மேலயே. குளிர்காலத்துல இதான் அவங்க பாதை. நல்ல பாதை."

ஓடெட் கொண்டுவந்த ரொட்டியை அவர் கையில் திணித்தாள். "அப்ப கார் எப்படிப் போகும்?"

எல்வுட் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கார் எங்கே போகும்? நாலடி பனி கிடக்கும். தார் ரோடு முடியிற இடம் வரைக்கும்தான் ஊர்ச் செலவுல அள்ளுவோம். இங்க அள்ள மாட்டோம். யாரும் கேட்டதும் இல்ல. இங்க கோடைக்காரங்கதானே இருந்தாங்க."

"திறந்திருக்கும்னு சொன்னீங்களே!"

"திறந்துதான் இருக்கும். கேட் போட்டு மூட மாட்டோம். எவன் வேணா போகலாம்." ரொட்டியைக் கையில் திருப்பிப் பார்த்தார். "பனி அள்ளுவீங்களான்னு நீங்க கேக்கலையே."

அடப் பாவி மனுஷா! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது. இந்தப் பக்கத்து ஆட்கள் அதைத்தான் நாகரிகம் என்று வைத்திருக்கிறார்கள். ஓடெட்டுக்கு அந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் போல வந்தது.

"நான் சரியாக் கேக்கலைன்னாலும் நீங்களாவது சொல்லக்கூடாதா? என் வீட்டுக்காரருக்கு இதய நோய்!"

"தெரியும். சொன்னார்." எல்வுட் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "அவர் சரியாத்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வந்தார். பனி அள்ளுவீங்களான்னார். இல்லைன்னேன். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வருமான்னார். வராதுன்னேன். தேங்க்ஸ்னு சொல்லிக் கை குடுத்துட்டுப் போனார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

செவ்வாய்க்கிழமை அவள் துணி துவைக்கும் கடையில் இருந்தாள். பனிக்கு பூட்ஸ் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கில் கிளம்பிப் போனான். எதுவும் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தான்.

திரும்பி நடந்தாள். பயமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கில் உட்கார்ந்திருந்த படகுத்துறைப் பலகைகளுக்கு முன்னால் போய் நின்றபோது மணி நாலே முக்கால்.

"செவ்வாய்க்கிழமை எல்வுட்டைப் பாத்தியா?"

கில் அவள் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டான்.

"பாத்தேன்."

"இங்க பனி அள்ள மாட்டாங்கன்னு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே கையெழுத்துப் போட்டே. தெரிஞ்சே என்னை ஸ்டாப்வாட்ச் பிடிச்சுட்டுப் பைத்தியக்காரி மாதிரி உக்கார வச்சே. பதினேழு நிமிஷம்னு நான் சொன்னப்போ வாயில ரொட்டியை வாங்கிக்கிட்டே!"

"ஓடெட், உக்காரு."

"உக்கார மாட்டேன். நீ பொழைக்கணும்னு நான் நிமிஷம் எண்ணிட்டிருக்கேன். நீ சாகறதுக்கு ரோடு தேடியிருக்கே. ஜனவரியில நீ விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? நாலடி பனியில உன்னை முதுகுல தூக்கிட்டுப் போவேனா? அவ்வளவு வெறுத்துப்போச்சா? நானும்தானே கூட இருக்கேன்!"

போன் அடித்தது. மார்னி. ஓடெட் எடுத்தாள், குரலை எப்படியோ சரி செய்துகொண்டாள்.

"கனெக்டிகட்காரங்க பேப்பர் ரெடியா வச்சிருக்காங்கம்மா. உங்க கையெழுத்து ஒண்ணுதான் வரல. ஏதாவது பிரச்சனையா?"

"பத்து நிமிஷம் குடும்மா," என்று சொல்லி வைத்தாள். திரையில் அவள் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. விரலை வைத்தால் போதும்.

"சொல்லு கில். ஆஸ்பத்திரியா? மாத்திரையா? வலி தாங்க முடியலையா? எதுனாலும் சொல்லு, நான் கத்த மாட்டேன்."

"இப்பவே கத்திட்டுத்தான் இருக்கே."

"சொல்லித் தொலையேன்டா!"

கில் கையிலிருந்த மேப்பிள் இலையை நாலாகக் கிழித்தான். பிறகு கேட்டான்: "அந்தப் பதினோரு நிமிஷம் நீ எங்க இருந்தே?"

"என்ன கேள்வி இது? தெருமுனையில நின்னேன். நம்ம தெருப் பலகை காத்துல விழுந்து கிடந்துச்சு, வண்டி தெரியாம தாண்டிப் போயிடும்னு ஓடிப்போய் நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். செருப்புகூடப் போடல. உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கே. நான் எங்க இருந்தேன்னு ஒருத்தரும் கேக்கல."

கில் கிழித்த இலையைத் தண்ணீரில் போட்டான்.

"தரையில கிடந்தேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில ஒரு உருளைக்கிழங்கு உருண்டு போய்க் கிடந்துச்சு, அதுல முளை விட்டிருந்துது. அதைத்தான் பாத்துட்டிருந்தேன். உன்னைக் கூப்பிட்டேன், சத்தம் வரல. கதவு திறந்து கிடந்துச்சு, உள்ளே காத்து அடிச்சுது. செத்துட்டிருக்கோம்னு எனக்குத் தெரிஞ்சுது, ஓடெட். முப்பத்தாறு வருஷம் உன்கூட வாழ்ந்துட்டு, கடைசியா ஒரு உருளைக்கிழங்கைப் பாத்துட்டுப் போறோமேன்னு இருந்துச்சு." அவன் குரல் உடைந்தது. "சாகறதுக்கு எனக்குப் பயம் இல்ல. அப்படித் தனியாக் கிடக்கத்தான் பயம். இங்க வண்டி வராது. வராதுன்னு உனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னா நீ எங்கயும் ஓட மாட்டே. பக்கத்துல உக்காந்துடுவே."

சுத்தியல் சத்தம் ஓய்ந்து எல்வுட்டின் வண்டி கிளம்பிப் போனது. ஓடெட் பலகைகளின் மேல் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். ஏழு மாதமாக ஊர் பூராவும் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதையில் அந்தச் சமையலறைத் தரை ஒரு தடவைகூட வந்ததில்லை.

"நான் உன்னைக் காப்பாத்தத்தான் ஓடினேன்," என்றாள் கடைசியில்.

"தெரியும். காப்பாத்திட்டே. இல்லைன்னு சொல்லல."

"இந்த வீடு வேண்டாம், கில். நான் கையெழுத்துப் போட மாட்டேன். வண்டி வர்ற இடத்துலதான் இருப்போம். அடுத்த தடவையும் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன், அதுல மாத்தமே இல்ல. நீ பொழைச்சு எழுந்து என்னைத் திட்டு, பரவாயில்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கூப்பிட்டுட்டு போனைத் தரையில வச்சிட்டு உன் பக்கத்துல படுத்துக்குவேன். தெருவுக்குப் போக மாட்டேன். அவங்களே தேடிட்டு வரட்டும்."

"தெருப் பலகை விழுந்து கிடந்தா? வீடு தெரியாம தாண்டிப் போயிட்டாங்கன்னா?"

மார்னியின் பெயர் மறுபடி திரையில் வந்தது. போன் மடியில் கிடந்து நடுங்கி நடுங்கி அடங்கியது. ஐந்து அடித்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, வீடு கனெக்டிகட்காரர்களுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. தாண்டிப் போன வண்டி திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று ஓடெட் தண்ணீரைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். ஒரு நிமிடத்துக்கு உயிரை விடுகிறவள் அவள்.

"தாண்டிப் போனா போகட்டும்," என்றாள், சொல்லி முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்தாள்.